ஃபிப்த்வீலுக்கு எதைப் பூசுவது? எண்ணூர்ப் பக்கம் ஓடும் டிரெய்லர்களுக்கான கணக்கு

போன மாதம் சாத்தாங்காட்டில் ஒரு பட்டறை வாசலில் நின்றிருந்தேன். புதிதாக ஒரு டிரெய்லர் எடுத்திருந்த தம்பி பக்கத்தில் வந்து, டிரெய்லரை முன்வண்டியோடு மாட்டும் தட்டான ஃபிப்த்வீலைப் பற்றிக் கேட்டார்: "அண்ணே, ஃபிப்த்வீலுக்கு ஒருத்தர் மாலி கிரீஸ்தான் போடணும்ங்கிறார். இன்னொருத்தர் பிளாஸ்டிக் தட்டு போட்டுட்டா கிரீஸே வேணாம்ங்கிறார். எங்க டிரைவர் பழைய இன்ஜின் ஆயிலே போதும்ங்கிறார். நான் யார் பேச்சைக் கேக்கிறது?"

நின்றபடியே பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. பன்னிரண்டு வருடமாக மூன்று வண்டிகளை வைத்துத் துறைமுக லோடு ஓட்டுகிறேன். இதில் நான்கு வழிகளை நானே போட்டுப் பார்த்துவிட்டேன். அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் ஃபிப்த்வீல் படும் பாட்டைப் பார்ப்போம். டிரெய்லரை இழுக்கும் முன்வண்டியின் முதுகில் லாட வடிவத்தில் உட்கார்ந்திருக்கும் இரும்புத் தட்டுதான் ஃபிப்த்வீல். டிரெய்லரின் மூக்குக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிங்பின் என்ற இரும்பு முளை, தட்டின் பின்பக்கத் திறப்பு வழியாக உள்ளே வரும். நடுவில் இருக்கும் தாடை அதைக் கவ்வும், லாக் விழும். வண்டியை இழுப்பது கிங்பின். ஆனால் எடையைத் தாங்குவது அது இல்லை, தட்டுதான். ஒரு கன்டெய்னர் சரக்கோடு சேர்த்து முப்பது டன்னுக்கு மேல்கூட இருக்கலாம். டிரெய்லரின் சொந்த எடை தனி. அதில் 10 டன்னுக்கு மேல் அந்தத் தட்டின் மேல் உட்காரும். ஒவ்வொரு திருப்பத்திலும், அந்த எடை அழுத்திக்கொண்டிருக்கும்போதே, இரும்பு இரும்பின் மேல் தேய்ந்துதான் திரும்ப வேண்டும்.

வீல் பேரிங்கில் நடப்பது வேறு. அங்கே உருளைகள் வேகமாகச் சுழல்வதால் எண்ணெய் இடையில் இழுக்கப்பட்டு ஒரு படலமாக நிற்கும். இங்கே வேகமே கிடையாது. மெதுவாக, அரை வட்டம் கூட இல்லாமல், போன வழியிலேயே திரும்பி வரும் தேய்ப்பு. அதனால் எண்ணெய்ப் படலம் பிழிந்து வெளியே போய்விடும். எண்ணெய் போன பிறகும் இரும்பின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒன்று வேண்டும். கிரீஸ் தேர்வில் பாதி விஷயம் இந்த ஒரு வரியில் முடிந்துவிடும்.

மீதிப் பாதி நம் ஊர். 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்ததிலிருந்து வடசென்னை டிரெய்லர்களின் வேலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: துறைமுகத்திலிருந்து மணலி, மாதவரம், திருவொற்றியூர்ப் பக்கத்து யார்டுகளுக்கு. பிறகு காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளியும் சேர்ந்துகொண்டன. தூரம் குறைவு. திருப்பம் அதிகம், வரிசையில் நிற்பது அதைவிட அதிகம். எண்ணூர் விரைவுச் சாலையில் நின்றால் ஒரு பக்கம் கடல், உப்புக் காற்று. அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கம் போனால் அனல் மின் நிலையங்களின் சாம்பலும் நிலக்கரித் தூசும். நெடுஞ்சாலையில் பெங்களூருக்கு ஓடும் வண்டிக்குச் சரியாக இருக்கும் கணக்கு இங்கே பொருந்தாது.

சரி, வழிகளைப் பார்ப்போம்.

பழைய இன்ஜின் ஆயிலை ஒரு பேச்சுக்குக்கூட ஏற்கமாட்டேன். செலவில்லை, டப்பாவில் சும்மா கிடக்கிறது, ஊற்றினால் பளபளவென்று இருக்கிறது. ஆனால் முதல் லோடிலேயே வழிந்து சேஸில் இறங்கி, டயர் வரை தெறித்துவிடும். அதில் ஏற்கெனவே கரியும் உலோகப் பொடியும் கலந்திருக்கும். இரண்டாம் நாள் தட்டு காய்ந்து கிடக்கும். டிரைவருக்கு நல்லது செய்ததாகத் தோன்றும், தட்டுக்கு ஒன்றும் சேராது.

அடுத்தது வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண லித்தியம் கிரீஸ். எல்லாப் பட்டறையிலும் இருக்கும். நல்ல பொருள்தான், ஓரளவு தண்ணீரும் தாங்கும். நானும் முதல் இரண்டு வருடம் இதையே போட்டேன். பிரச்சினை மேலே சொன்னதுதான்: அழுத்தத்தில் பிழிந்து வெளியே போன பிறகு இரும்பின் மேல் மிஞ்சுவது கொஞ்சம். வாரம் ஒருமுறை பூசிக்கொண்டே இருந்தால் ஓடும். வாரம் தவறாமல் பூசும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

மூன்றாவது, மாலி கிரீஸ். இதுவும் பெரும்பாலும் லித்தியம் கிரீஸ்தான். அதோடு கடும் அழுத்தம் தாங்கும் இ.பி. சேர்மானமும், மாலிப்டினம் டைசல்பைடு என்ற கருஞ்சாம்பல் பொடியும் கலந்திருக்கும். அந்தப் பொடியின் அமைப்பு சீட்டுக்கட்டு மாதிரி. மேலிருந்து அழுத்தினால் தாங்கும், பக்கவாட்டில் தள்ளினால் ஒரு சீட்டு இன்னொன்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் பிழிந்து போன பிறகும் இந்தப் பொடி இரும்பின் மேல் படிந்து நிற்கும். ஃபிப்த்வீலுக்கு வேண்டியது இதுதான். கிராஃபைட் கலந்த கிரீஸும் இதே வேலையைச் செய்யும். கிராஃபைட் வழுக்குவதற்குக் காற்றில் ஈரம் வேண்டும், அந்த ஈரத்துக்கு எண்ணூரில் பஞ்சமில்லை. இரண்டில் கடையில் எது புதிதாக இருக்கிறதோ அதை வாங்கலாம். டப்பாவின் மேல் என்.எல்.ஜி.ஐ. 2 என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது கெட்டித்தன்மையின் எண். அதைவிட இளகலாக இருந்தால் நம் வெயிலில் வழியும். மிகக் கெட்டியாக இருந்தால் கிரீஸ் கன் தள்ளாது, தாடைக்குள்ளேயும் போகாது.

நான்காவது, கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ். விலை கூடுதல், எல்லாக் கடையிலும் கிடைக்காது. ஆனால் தண்ணீரிலும் உப்பிலும் நிற்பதில் மற்றவற்றை விட இது ஒரு படி மேல். அதன் சோப்பே துருவைத் தடுக்கும், அழுத்தமும் தாங்கும். முழு நேரமும் கடலோரத்தில் நிற்கும் வண்டிக்கும், மழையில் கொக்கியைக் கழற்றி நாள்கணக்கில் வெறும் தட்டோடு நிற்கும் முன்வண்டிக்கும் இதை யோசிக்கலாம். ஒரு எச்சரிக்கை: பழைய லித்தியம் கிரீஸின் மேலேயே இதைப் பூசாதீர்கள். வேறு வேறு சோப்புக் கிரீஸ்கள் கலந்தால் சில நேரம் இளகி ஓடும். முன்பு இருந்ததைச் சுத்தமாக எடுத்துவிட்டுத்தான் மாற வேண்டும்.

ஐந்தாவது, எல்லோரும் கேட்கும் பிளாஸ்டிக். இதில் இரண்டு வகை உண்டு, பேச்சில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். ஒன்று, கிங்பின்னில் மாட்டும் வட்டத் தட்டு. நடுவில் ஓட்டை இருக்கும், கிங்பின்னில் ஏற்றி மேலே தள்ளிவிட்டால் டிரெய்லரின் அடித்தகட்டுக்கும் ஃபிப்த்வீலுக்கும் நடுவில் உட்காரும். இன்னொன்று, தயாரிக்கும்போதே மேற்பரப்பில் பிளாஸ்டிக் பட்டைகள் பதித்து வரும் ஃபிப்த்வீல்.

வட்டத் தட்டு மலிவு, மாட்டுவது சுலபம். நானும் ஒரு வண்டியில் மாட்டினேன். முன்வண்டியும் டிரெய்லரும் மாதக்கணக்கில் பிரியாமல் ஓடியவரை நன்றாகவே இருந்தது. யார்டில் டிரெய்லரை இறக்கிவிட்டு வேறொன்றை எடுக்கும் வேலை வந்ததும் சிக்கல் ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் ஃபிப்த்வீலின் விளிம்பு அந்தத் தட்டை உரசிக்கொண்டே உள்ளே போகும். ஓரம் பிசிறும், பிறகு ஒரு பக்கம் மடங்கும். அதைவிடப் பெரிய விஷயம், தட்டின் தடிமன் அளவுக்கு டிரெய்லர் மேலே தூக்கி நிற்கும். தாடை கிங்பின்னைக் கவ்வ வேண்டிய இடத்தில் கவ்வாமல் சற்றுக் கீழே கவ்வும். உங்கள் ஃபிப்த்வீலைச் செய்த கம்பெனி அதற்கு ஒப்புக்கொள்கிறதா என்று கையேட்டில் பார்க்காமல் மாட்டக்கூடாது. நான் பார்க்காமல் மாட்டினேன், பிறகு கழற்றிவிட்டேன்.

பதித்து வரும் வகையைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு. மேற்பரப்பில் கிரீஸ் கிடையாது, அதனால் சாம்பலும் மணலும் ஒட்ட இடமில்லை. சேஸ் சுத்தமாக இருக்கும். ஆனால் "கிரீஸே வேணாம்" என்பது பொய். தாடைக்கும் லாக்குக்கும் கிங்பின்னுக்கும் கிரீஸ் வேண்டும். டிரெய்லரின் அடித்தகடும் தட்டையாக, வெல்டிங் முண்டு இல்லாமல் இருக்க வேண்டும். நம் ஊரில் ஒரே முன்வண்டி நாலு பேருடைய டிரெய்லரை இழுக்கும். அதில் ஒன்றின் அடித்தகடு குழி விழுந்து, ஒட்டுப்போட்டு, கத்தி மாதிரி விளிம்போடு இருந்தால் போதும், பிளாஸ்டிக்கைச் சீவிவிடும். சொந்த முன்வண்டி, சொந்த டிரெய்லர், இரண்டும் பிரியாது என்றால் அடுத்த வண்டி வாங்கும்போது இதை எடுங்கள். ஓடுகிற பழைய வண்டியில் ஃபிப்த்வீலையே கழற்றி மாற்றும் செலவுக்கு இது தகாது.

தானாகக் கிரீஸ் தள்ளும் பம்ப் ஒன்றும் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் வைத்திருக்கின்றன. குழாய் அடைத்தால் யாருக்கும் தெரியாது, டிரைவர் பம்ப் இருக்கிறது என்ற நம்பிக்கையில் தட்டைப் பார்க்கவே மாட்டார். இரண்டு மூன்று வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேண்டாம்.

ஆக, அந்தத் தம்பிக்கு என் பதில் மாலி கிரீஸ். ஆனால் அதோடு ஒரு நிபந்தனை உண்டு. எதைப் பூசுகிறீர்கள் என்பதைவிட, அதற்கு முன்னால் இருந்ததை எடுத்தீர்களா என்பதுதான் தட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இதை நான் பட்டுத்தான் கற்றேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை. மணலிப் பக்கத்து யார்டில் எங்கள் டிரைவர் டிரெய்லரை மாட்டினார். கிரீஸில் குறை வைத்ததே இல்லை, பழையதன் மேலேயே புதியதை அப்பிக்கொண்டே வந்திருந்தோம். தாடைக்குள் அது சாம்பலோடு சேர்ந்து இறுகி, கருங்கட்டியாகிவிட்டிருந்தது. லாக் முக்கால்வாசி வந்து அந்தக் கட்டியில் முட்டி நின்றது. லாக்கின் கைப்பிடி முழுதாக உள்ளே போகாமல் இரண்டு விரல் அகலம் வெளியே இருந்தது. இருட்டு, பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. அவர் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. டிரெய்லரைத் தாங்கி நிற்கும் கால்களைத் தூக்கிவிட்டு வண்டியை எடுத்தார். பத்தடிகூடப் போகவில்லை, கிங்பின் நழுவி டிரெய்லரின் மூக்கு சேஸின் பின்முனையில் இறங்கியது. ஏர் ஹோஸ் இரண்டும் அறுந்தன. நடுவில் யாரும் நிற்கவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த நல்லது. ரோட்டில், எம்.எஃப்.எல். சந்திப்புத் திருப்பத்தில் அது நடந்திருந்தால் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

அன்று மத்தியானம் தாடைக்குள்ளிருந்து சுரண்டி எடுத்ததை விரல் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். மேலே வழவழப்பு. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் நறநறவென்று மணல். விரல் ரேகைக்குள் போன கறுப்பு மூன்று நாள் போகவில்லை. நாம் கிரீஸ் என்று நினைத்து வைத்திருந்தது உப்புத்தாள் பசை. இரும்பை வழுக்கவைக்க வேண்டியது இரும்பை அரைத்துக்கொண்டிருந்தது.

அதிலிருந்து என் முறை இது. முதலில் சமதளத்தில் டிரெய்லரைக் கழற்றி, முன்வண்டியைத் தனியாக நிறுத்துவோம். மாட்டியிருக்கும்போது தட்டின் நடுவுக்குக் கிரீஸ் போகவே போகாது, எடை விடாது. பழையதைச் சுரண்டியால் வழித்து ஒரு டின்னில் போடுவோம். தட்டில் வெட்டியிருக்கும் காடிகளில்தான் அதிகம் ஒளிந்திருக்கும், அதைக் குச்சியால் நோண்ட வேண்டும். பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த வேஸ்ட் துணியால் தாடை, லாக், கிங்பின் எல்லாவற்றையும் இரும்பு தெரியும்வரை துடைத்து, காய்ந்த துணியால் இன்னொருமுறை. மண்ணெண்ணெய் மிச்சம் இருந்தால் புதுக் கிரீஸ் ஒட்டாது, அதனால் ஒரு டீ குடிக்கும் நேரம் காயவிடுவோம். டிரெய்லரின் அடித்தகட்டையும் துடைக்க மறக்காதீர்கள், பாதி மணல் அங்கேதான் இருக்கும்.

துடைத்த பிறகு பூசுவதற்கு முன் ஐந்து நிமிடம் தட்டைப் பாருங்கள், வேறு எப்போதும் அது இப்படித் தெரியாது. விரிசல், தளர்ந்த போல்ட், ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும் தேய்மானம். கிங்பின்னை வெர்னியரால் அளந்துவிடுங்கள். இரண்டு அங்குலக் கிங்பின்னின் கழுத்து புதிதில் 50.8 மில்லிமீட்டர், 49-க்கு வந்தால் மாற்ற வேண்டும். அதற்கு மேலே இருக்கும் பருத்த பகுதி 73, அது 71-க்கு வந்தாலும் அப்படியே. ஒரே பக்கம் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். இழுப்பதும் பிரேக் பிடிப்பதும் முன்னும் பின்னுமாக நடப்பதால் கிங்பின் முட்டை வடிவத்தில் தேயும், இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். வண்டி எடுக்கும்போதும் பிரேக் போடும்போதும் முதுகில் "லொட்டு" என்று ஒரு இடி வருகிறது என்று டிரைவர் சொன்னால், அதைக் கிரீஸ் தீர்க்காது. லாக்கை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், அது முடியாத அளவு போயிருந்தால் தாடை செட்டை மாற்ற வேண்டும்.

பூசுவது சுலபம். தட்டு முழுதும் மெல்லிதாக, காடிகளில் நிறைவாக, தாடைக்குள் எல்லாப் பக்கமும், லாக் நகரும் இடத்தில், கைப்பிடி நுழையும் ஓட்டையில். கைப்பிடியை நாலைந்து முறை இழுத்துவிட்டு உள்ளே பரவச் செய்ய வேண்டும். தட்டு முன்னும் பின்னும் ஆடும் அச்சில் நிப்பிள் இருந்தால் கிரீஸ் கன்னால் அடிக்கலாம். ரப்பர் புஷ் வகையில் நிப்பிள் இருக்காது, அதை விட்டுவிடுங்கள். மேலே அரை அங்குலம் அப்புவது வீண். மாட்டும்போது அது முன்னால் வழிந்து, சாம்பலைப் பிடிக்கும் பந்தாக உட்காரும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? கையேடுகள் கிலோமீட்டரில் சொல்லும். துறைமுக ஓட்டத்தில் கிலோமீட்டரை நம்பினால் தட்டு செத்துவிடும். நம் வண்டி ஒரு நாளில் ஓடுவது கொஞ்சம், திரும்புவது ஏராளம், நிற்பது கணக்கில்லாமல். அதனால் நான் நாள்கணக்கு வைத்திருக்கிறேன்: பதினைந்து நாளைக்கு ஒருமுறை பூச்சு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மேலே சொன்ன முழு வேலை, செப்டம்பர் கடைசியில் மழைக்கு முன் கட்டாயம் ஒன்று. வண்டி தண்ணீரில் நின்றால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, தண்ணீர் வடிந்ததும் முதல் வேலை அதுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலிப் பக்கம் எங்கள் இரண்டு முன்வண்டிகள் வெள்ளத்தில் நின்றன. ஒன்றில் மாலி, இன்னொன்றில் கால்சியம் கிரீஸ் சோதனைக்காகப் போட்டிருந்தேன். தண்ணீர் வடிந்த பிறகு திறந்து பார்த்தபோது முதல் தட்டின் ஓரங்களில் செந்துரு படிந்திருந்தது, நடுவில் கறுப்பு அப்படியே இருந்தது. இரண்டாவதில் துரு இல்லை, ஆனால் சேறு ஒட்டியது இரண்டிலும் ஒன்றுதான். இரண்டையும் முழுதாக வழித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. கூடுதல் விலைக்கு அந்த வித்தியாசம் போதுமா என்றால், வெறும் தட்டோடு நிற்கும் வண்டிக்குப் போதும், மாட்டியே ஓடும் வண்டிக்கு இல்லை. அதன் பிறகு ஒரு வண்டிக்கு மட்டும் கால்சியம், மற்ற இரண்டுக்கும் மாலி என்று வைத்திருக்கிறேன்.

அதே வெள்ளத்தில்தான் எண்ணூர்க் கழிமுகம் முழுக்க எண்ணெய் பரவியது. படகிலும் வலையிலும் கறுப்பு அப்பிக்கொண்டு மீனவர்கள் கையால் வழித்து எடுத்ததைப் பார்த்தவன் நான். வழித்தெடுத்த பழைய கிரீஸை ரோட்டோரக் கால்வாயில் தட்டும் பழக்கம் எங்களிடமும் இருந்தது. அந்தக் கால்வாய் போய்ச் சேருவது கொசஸ்தலையாற்றில். இப்போது மூடி போட்ட டின்னில் சேர்த்து, கழிவு ஆயில் எடுக்க அனுமதி உள்ளவரிடம் கொடுத்துவிடுகிறோம். மூன்று வண்டிக்கு வருடம் முழுதும் சேர்ந்தாலும் ஒரு டின்தான், இடம் ஒன்றும் அடைக்காது.

கிரீஸ் பூசி முடித்த அன்று மாட்டும்போது இன்னும் கவனம் வேண்டும். டிரெய்லர் கொஞ்சம் தாழ்வாக நிற்க வேண்டும், ஃபிப்த்வீல் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். உயரமாக நின்றால் கிங்பின் தாடைக்குள் போகாமல் தட்டின் மேலேயே உட்காரும். வெளியிலிருந்து பார்த்தால் மாட்டிய மாதிரியே தெரியும். இறங்கி டார்ச் அடித்து மூன்றைப் பாருங்கள்: இரண்டு தட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக்கூடாது, லாக் கிங்பின்னுக்குப் பின்னால் முழுதாக மூடியிருக்க வேண்டும், கைப்பிடி உள்ளே இருக்க வேண்டும். அப்புறம், டிரெய்லர் கால்கள் தரையிலேயே இருக்க, டிரெய்லர் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் மெதுவாக முன்னால் இழுத்துப் பாருங்கள். வண்டி நகராமல் அடம்பிடித்தால்தான் காலைத் தூக்க வேண்டும்.

அந்தத் தம்பியின் வண்டி யார்டில் தினமும் டிரெய்லர் மாற்றும் வேலையில் இருக்கிறது. அதனால் பிளாஸ்டிக் வட்டம் அவருக்கு ஆகாது. மாலி கிரீஸ் ஒரு வாளியும், ஒரு சுரண்டியும், ஒரு நல்ல டார்ச்சும் வாங்கச் சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தட்டைத் திறக்கிறோம், நானும் போகிறேன்.